வீதியும் சில்லும் முகமும்

வேலைநாள் முடிந்த மாலைப் பொழுதிலோ விடுமுறை நாளின் காலைப் பொழுதிலோ, தோளில் கமரா ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு வீதி வீதியாக நடந்து திரிவோரை உலகின் எந்தப் பெருநகரிலும் காணலாம். படம் எடுக்குமாறு அவர்களை எவரும் ஏவுவதில்லை. எடுத்த படத்துக்குக் கூலி கொடுப்பாரும் இல்லை. பத்திரிகை நிழற்படக்காரர் செய்தியைத் தேடுகிறார். கலியாண வீட்டுக்கு அழைக்கப்பட்டவர் மணமக்களைத் தேடுகிறார். பொழுதுபோக்காகப் படம்பிடிப்பவரோ, செய்தியும் ஆகாத விழாவும் ஆகாத அன்றாட வாழ்வைத் தேடிச் செல்கிறார். ஒரு தெருமூலை, அதனைக் கடந்து விரையும் ஒரு துவிச்சக்கர வண்டி, எதிரே வரும் ஒரு முகம் ஆகிய இம்மூன்றுமே பெரும்பாலும் அவருக்கு வாய்க்கும் பொருள்கள். இவற்றைப் படமாக்குவது எவ்வாறு, அதனால் விளையும் நன்மை யாது, அதன்கண் பொதிந்துள்ள பொறுப்பு யாது என்பவற்றை ஒவ்வொன்றாக நோக்குதல் தகும்.

நிழற்படக் கலை பிறந்த காலத்தில், வீதியிலே செல்லும் மனிதனைப் படத்துக்குள் கொண்டுவருதல் இயலாத காரியமாக இருந்தது. 1838ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான லூயி டாகேர், பாரிஸ் நகரத்தின் புலவார் டு தாம்பிள் என்னும் அகன்ற வீதியை உயரமான யன்னல் ஒன்றிலிருந்து படம் எடுத்தார். வண்டிகளும் குதிரைகளும் பாதசாரிகளும் மலிந்த வீதி அது. ஆயினும் அவருடைய வெள்ளித் தகட்டிலே பதிந்ததோ ஆளரவமற்ற வெறுந்தெரு. அக்காலத்துத் தகட்டின்மீது பல நிமிடங்கள் ஒளி விழுந்தாலன்றி உருவம் பதியாது. அந்த நேரத்துக்குள் அசைந்தவை யாவும் தடயமின்றி மறைந்துபோயின. வீடுகள் நின்றன, மரங்கள் நின்றன, மனிதர் மறைந்தனர். ஒருவர் மட்டும் தப்பினார். தமது சப்பாத்தை மினுக்குவித்துக்கொள்வதற்காகத் தெருவோரத்தில் ஒரு காலை உயர்த்தியபடி அவர் அசையாது நின்றார். அவருக்கு முன்னால் சப்பாத்து மினுக்குபவரின் உருவமும் மங்கலாகத் தெரிகிறது. நிழற்படத்தில் இடம்பெற்ற முதல் மனிதர்கள் இவ்விருவருமே எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. அவர்களின் பெயரை அறிந்தார் இல்லை. தம்மை ஒருவர் படம் எடுக்கிறார் என்பதை அவர்களும் அறிந்திருக்க மாட்டார்கள். வீதிப் படத்தின் பெருமை, சிக்கல் ஆகிய இரண்டும் அந்த முதல் தகட்டிலேயே அடங்கிக் கிடக்கின்றன எனலாம்.

கடந்து செல்லும் மனிதனைப் படத்தில் நிறுத்துவதற்கு, ஒளியை விரைந்து ஏற்கும் சுருளும் கையில் ஏந்தக்கூடிய கருவியும் வேண்டியிருந்தன. 1888ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஜோர்ஜ் ஈஸ்ட்மன் கொடாக் கமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 100 படங்களுக்கு வேண்டிய சுருளை உள்ளே கொண்ட ஒரு சிறு பெட்டி அது. விலை 25 டொலர். சுருள் முடிந்ததும் பெட்டியோடு தொழிற்சாலைக்கு அனுப்பினால், அங்கே படங்களைக் கழுவி எடுத்து, புதிய சுருளையும் இட்டுத் திருப்பி அனுப்புவார்கள். இரசாயனம் கல்லாதவரும் படம்பிடிக்கலாம் என்ற நிலை அதனாலே உண்டாயிற்று. 1900ஆம் ஆண்டில் 1 டொலர் விலைக்கு வந்த பிரௌனி என்னும் பெட்டிக் கமரா, சிறுவரின் கைக்கும் இக்கலையைக் கொண்டுசென்றது. 1925ஆம் ஆண்டில் ஜேர்மனியிலே லைக்கா வெளிவந்தது. சினிமாச் சுருளிலே 36 படங்களை அடுத்தடுத்து எடுக்கவல்ல இக்கருவி மேலங்கிப் பைக்குள் அடங்கிவிடும். முக்காலியும் கறுப்புத் துணியும் சுமந்து திரிந்த காலம் போய், நடந்துகொண்டே படம்பிடிக்கும் காலம் வந்தது.

வீதியில் நடப்பவருக்கு முதலில் வேண்டுவது ஆயத்தம். தெருவிலே காட்சி ஒன்று கூடுவதும் கலைவதும் கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழ்வன. கமராவைக் கண்ணருகே கொண்டுசென்று குவியம் திருத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆதலால் அனுபவமுள்ளவர்கள் குவியத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்வார்கள். லைக்கா போன்ற கமராவிலே 35 மில்லிமீற்றர் வில்லையைப் பொருத்தி, துவாரத்தை 8 என்னும் எண்ணில் நிறுத்தி, 3 மீற்றர் தூரத்துக்குக் குவியம் வைத்தால், ஏறத்தாழ 2 மீற்றர் தொடக்கம் 7 மீற்றர் வரையுள்ளவை யாவும் தெளிவாக விழும். அதன்பின் கைக்கு வேலை ஒன்றே: பொத்தானை அழுத்துவது. கண்ணுக்கும் காலுக்கும் உள்ள வேலைதான் பெரிது.

இரண்டாவதாக வேண்டுவது பொறுமை. ஓவியம் பயின்று, பின்னர் லைக்காவைக் கையில் எடுத்த ஹென்றி கார்ட்டியே பிரெசோன், 1932ஆம் ஆண்டில் தென் பிரான்சிலுள்ள ஈயேர் என்னும் ஊரில் எடுத்த படம் இதற்கு நல்ல உதாரணம். மேலிருந்து பார்க்கும்போது சுருண்டு இறங்கும் கற்படிகள். அவற்றோடு வளைந்து செல்லும் இரும்புக் கைபிடி. கீழே வளைந்து கிடக்கும் தெருவிளிம்பு. இவ்வளவும் அசையாதவை. படத்தின் மேல் மூலையிலே மட்டும் துவிச்சக்கர வண்டிக்காரர் ஒருவர் மங்கலாகப் பாய்ந்து செல்கிறார். அவர் இல்லாவிட்டால் அது ஒரு படிக்கட்டின் படம். அவர் அரை விநாடி முந்தியிருந்தாலும் பிந்தியிருந்தாலும் அந்த ஒழுங்கு கூடியிராது. நல்ல இடத்தைக் கண்டவர் அங்கே மனிதன் வந்து சேரும்வரை காத்து நிற்றல் வேண்டும் என்பதே வீதி நிழற்படக்காரர் இப்படத்திலிருந்து கற்கும் பாடம். ஒரு நாள் முழுதும் நடந்து ஒரு படத்தோடு வீடு திரும்புதல் தோல்வியன்று.

துவிச்சக்கர வண்டி இக்கலைஞர்களை ஓயாது கவர்வதற்குக் காரணம் உண்டு. மோட்டார் வாகனம் மனிதனைத் தனக்குள் மறைத்துவிடுகிறது. துவிச்சக்கர வண்டியோ அவனை முழு உருவமாகக் காட்டுகிறது. அவனுடைய உடை, அவன் சுமக்கும் பொருள், அவன் களைப்பு, அவனுக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் பிள்ளை ஆகிய அனைத்தும் கண்ணுக்குத் தெரிகின்றன. அன்றியும், ஓடும் வண்டி கமராவின் வேகத்துக்கு ஓர் உரைகல். மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 5 மீற்றர் நகர்கிறது. கமராவில் ஷட்டர் எனப்படும் கதவு 1/500 விநாடி மட்டும் திறந்தால், அதற்குள் வண்டி 1 சென்ரிமீற்றரே நகரும். படத்தில் அது கல்லிற் செதுக்கியதுபோல் நிற்கும். 1/30 விநாடி திறந்தால், வண்டி ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். அசையாது பிடித்த கமராவில் அதன் உருவம் இழுபட்டுப்போகும். அதே 1/30 விநாடியில், வண்டியின் ஓட்டத்தோடு கமராவையும் சீராகத் திருப்பிக்கொண்டு போனால், விளைவு தலைகீழாகும்: வண்டிக்காரர் தெளிவாகவும், பின்னாலுள்ள கடைகளும் சுவர்களும் நீண்ட கோடுகளாகவும் தோன்றும். வேகத்தைக் கண்ணாற் காணச்செய்யும் முறை இது. கைப்பழக்கம் வரும்வரை பத்துப் படங்களில் ஒன்றிரண்டு தேறினாலே போதும்.

இன்னொரு விந்தையும் இதில் உண்டு. நிலத்திலே வழுக்காமல் உருளும் சில்லின் அடிப்பகுதி, நிலத்தைத் தொடும் அந்தக் கணத்தில் அசைவதில்லை. அதன் மேல்விளிம்போ வண்டியின் வேகத்தைப்போல் இரு மடங்கு வேகத்தில் முன்னோக்கிச் செல்கிறது. ஆகவே, கமராவை அசைக்காமல் மிதமான வேகத்தில் எடுத்த படத்திலே, சில்லின் கீழ்ப்பகுதிக் கம்பிகள் தனித்தனியாகத் தெரிய, மேற்பகுதிக் கம்பிகள் கரைந்து புகைபோல் ஆகிவிடும். பாடசாலையில் சூத்திரமாகக் கற்ற உண்மையை ஒரு மலிவான கமரா தெருவோரத்திலேயே எண்பித்துக் காட்டுகிறது.

வேகத்தின் மீதுகொண்ட இத்தகைய ஆவலினால் புகழ்பெற்றவர் ஷாக் ஹென்றி லார்ட்டீக் என்னும் பிரெஞ்சுக்காரர். 1894ஆம் ஆண்டிற் பிறந்த அவருக்கு 1902ஆம் ஆண்டில், சிறு பிராயத்திலேயே, தந்தையார் கமரா ஒன்றை வாங்கிக் கொடுத்தார். தமையனார் செய்த சறுக்கு வண்டிகள், படிகளிற் பாய்ந்து இறங்கும் உறவுப் பெண், பாரிஸ் பூங்காவிலே நாய்களோடு உலாவும் சீமாட்டிகள், மோட்டார் ஓட்டப் போட்டிகள் ஆகியவற்றை அவர் விளையாட்டாகவே எடுத்துச் சேர்த்தார். 1910களின் முற்பகுதியில் அவர் எடுத்த பந்தயக் கார்ப் படமொன்றிலே, வட்டமான சில்லு முட்டை வடிவமாகி முன்னோக்கிச் சாய்ந்து நிற்கிறது. தெருவோரத்தில் நிற்பவர்கள் பின்னோக்கிச் சாய்கிறார்கள். அவருடைய கமராவின் ஷட்டர் ஒரு குறுகிய இடைவெளியாகத் தகட்டின் குறுக்கே நகர்ந்தது. ஆகையால் படத்தின் ஒவ்வொரு பகுதியும் சற்று வேறான கணத்திற் பதிந்தது. அதற்கிடையே காரும் நகர்ந்தது, அவருடைய கையும் திரும்பியது. இலக்கணப்படி அது பிழையான படம். ஆனால் வேகம் என்னும் உணர்ச்சியை அதைப்போல் உணர்த்தும் படங்கள் மிகச் சிலவே. ஓவியராகவே தம்மை எண்ணிக்கொண்ட லார்ட்டீக்கின் படங்களை உலகம் நன்கு அறிந்தது 1963ஆம் ஆண்டில், நியூயோர்க் நவீன கலைக் காட்சிச்சாலையில் அவை வைக்கப்பட்டபோதுதான். அப்போது அவருக்கு வயது 69. படங்களை நூற்றுக்கு மேற்பட்ட ஆல்பங்களிலே ஒட்டி, குறிப்பெழுதி, அவர் பேணி வந்திருந்தார். பொழுதுபோக்கிலும் இவ்வொழுங்கு இருந்தமையாலேதான் ஒரு தலைமுறையின் வாழ்க்கை இன்று பார்வைக்குக் கிடைக்கிறது.

தெருவும் வண்டியும் மறுத்துப் பேசமாட்டா, முகம் அத்தகையதன்று. முகத்தைப் படமாக்குவதில் ஒளியும் தூரமும் முதலில் கவனிக்கற்பாலன. நிலநடுக்கோட்டை அடுத்த நாடுகளில் நண்பகற் சூரியன் தலைக்கு நேரே நிற்பதால், புருவத்தின் நிழல் கண்ணை மூடிவிடும். கண் தெரியாத முகம் முகமாகாது. வாசற்படியிலோ விறாந்தையிலோ நிழலில் நிற்பவரின் முகத்தில், திறந்த வானத்தின் மெல்லொளி சமமாக விழும். காலையும் மாலையும் சரிந்து வரும் ஒளியும் ஏற்றதே. அகன்ற பார்வையுள்ள வில்லையோடு மிக நெருங்கிச் சென்றால் மூக்குப் பெருத்துக் காது சிறுத்துவிடும். ஒன்றரை அல்லது இரண்டு மீற்றர் விலகி நிற்பது முகத்தின் அளவைக் கெடுக்காது. பின்னணி எளிதாக இருத்தல் நன்று.

கருவியை ஏந்தும் முறைக்கும் எதிரே நிற்பவரின் மனநிலைக்கும் ஒரு தொடர்பு உண்டு. கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிக்கும் கமரா, குறிபார்க்கும் துப்பாக்கியை நினைவூட்டும். 1929ஆம் ஆண்டில் ஜேர்மனியில் வெளிவந்த றோலிபிளெக்ஸ் என்னும் இரட்டை வில்லைக் கமராவோ, மார்புக்குக் கீழே ஏந்தப்படுவது. படம் எடுப்பவர் தலையைக் குனிந்து, மேலேயுள்ள கண்ணாடியிலே உருவத்தைப் பார்ப்பார். வணங்குவார்போல் நிற்கும் அவரைக் கண்டு எவரும் அஞ்சுவதில்லை. ஒரு சுருளில் 12 சதுரப் படங்களே கிடைப்பதால், எடுப்பவரும் எண்ணிப்பார்த்தே எடுப்பார்.

இத்தகைய கமராவோடு பல்லாண்டுகள் நடந்தவர் விவியன் மாயர் என்னும் பெண்மணி. 1926ஆம் ஆண்டில் நியூயோர்க்கிற் பிறந்து, இளமையில் ஒரு பகுதியைப் பிரான்சிற் கழித்து, 1956ஆம் ஆண்டு முதல் சிக்காகோ நகரத்து வீடுகளிலே பிள்ளைகளைப் பராமரிக்கும் ஆயாவாகப் பணிசெய்தார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம், சில வேளைகளில் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, தெருவுக்குப் போனார். கடைக்குச் செல்லும் சீமாட்டி, நடைபாதையில் உறங்கும் ஏழை, அழுக்கு முகத்தோடு நிற்கும் குழந்தை, கடைக் கண்ணாடியிலே தெரியும் தமது சொந்த உருவம் ஆகியவற்றை எல்லாம் எடுத்தார். ஏறத்தாழ எவருக்கும் காட்டவில்லை. பல சுருள்களைக் கழுவிப் பார்க்கவும் இல்லை. 2007ஆம் ஆண்டில், வாடகை செலுத்தப்படாத காரணத்தினால் அவருடைய களஞ்சிய அறைப் பெட்டிகள் ஏலத்திற் கூறப்பட்டன. ஊர் வரலாற்று நூல் ஒன்றுக்குப் படம் தேடிய இளைஞர் ஒருவர் அவற்றுட் சிலவற்றை வாங்கினார். 2009ஆம் ஆண்டில் மாயர் இறந்தார். அதன்பின்னரே அவருடைய 100,000க்கும் மேற்பட்ட படங்களின் சிறப்பை உலகம் உணர்ந்தது.

தம் விருப்பத்துக்காக மட்டும் நடந்த ஒருவர், ஒரு நகரத்தின் அரை நூற்றாண்டு வாழ்க்கையைக் காத்துவைத்தார் என்பது இவ்வரலாற்றின் ஒரு புறம். மறுபுறமும் உண்டு. தம் படங்களை வெளியிட அவர் சம்மதித்திருப்பாரா? கேட்பதற்கு அவர் இல்லை. பிறர் முகங்களைக் கேளாது எடுத்தவரின் வாழ்வே, அவரைக் கேளாது உலகின் முன் வைக்கப்பட்டது.

இப்பிரச்சினை புதியதன்று. 1890களிலே, மரத்திற் சித்திரம் செதுக்குவதைத் தொழிலாகக் கொண்ட போல் மார்ட்டின் என்பவர், கக்கத்தில் இடுக்கிய பொட்டலம்போல் தோன்றும் கமராவோடு இலண்டன் வீதிகளில் நடந்தார். அவ்வாறு மறைத்து எடுத்ததாலேயே, வேடமற்ற இலண்டன் மக்கள் அவர் படங்களில் வாழ்கின்றனர். நூறாண்டுகள் கழித்து, நியூயோர்க் நகரத்திலே இதே செயல் நீதிமன்றம் வரை சென்றது. பிலிப் லோர்க்கா டிகோர்சியா என்னும் நிழற்படக் கலைஞர், சன நெரிசல் மிக்க சதுக்கமொன்றில் மறைவான விளக்குகளை அமைத்து, கடந்து செல்வோரின் முகங்களைத் தொலைவிலிருந்து எடுத்து, 2001ஆம் ஆண்டிற் காட்சிக்கு வைத்தார். அவ்வாறு எடுக்கப்பட்ட ஒருவர் வைதிக நெறி வழுவாத யூதர். தம் உருவம் இவ்வாறு பரப்பப்படுதல் தமது சமய நம்பிக்கைக்கு மாறானது என்று அவர் வழக்குத் தொடுத்தார். கலைப்படைப்பு கருத்துச் சுதந்திரத்தின்பாற்பட்டது என்று கூறி, 2006ஆம் ஆண்டில் நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. பிரான்சிலோ, ஒருவருக்குத் தம் உருவத்தின் மீது உள்ள உரிமையைச் சட்டம் வலுவாகப் பேணுகிறது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடலாம். ஆனால், சட்டம் அனுமதிப்பது ஒன்று. அந்த மனிதரின் மனம் நொந்தது என்பது மற்றொன்று. முன்னையது பின்னையதை அழித்துவிடாது.

ஒளித்து எடுப்பதொன்றே உண்மையான முகத்தைப் பெறும் வழி என்று கருதத் தேவையில்லை. இலங்கையிற் பிறந்த லயனல் வெண்ட் இதற்குச் சான்று. 1900ஆம் ஆண்டிற் கொழும்பிலே பிறந்து, இலண்டனிற் சட்டமும் பியானோ இசையும் பயின்று வந்த அவர், 1930களிலே நிழற்படத்தைத் தமது பெருவிருப்பாகக் கொண்டார். இந்நாட்டின் உழைப்பாளரையும் கிராம மக்களையும் அவர் எடுத்த படங்களிலே, எதிரில் நிற்பவர் கூனிக் குறுகி நிற்பதில்லை. தமக்குரிய அழகோடும் நிமிர்வோடும் நிற்கிறார். சம்மதத்தோடு எடுத்த படத்திலும் உயிர் இருக்கும் என்பதை அவை காட்டுகின்றன. 1944ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின் அவருடைய மூலப் படச்சுருள்கள் அழிந்துபோயின; எஞ்சிய பிரதிகளிலிருந்து 1950ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளிவந்தது. கொழும்பில் அவர் பெயரால் விளங்கும் அரங்கை அறிந்தோர் பலர். அவருடைய படங்களைப் பார்த்தோர் சிலரே.

இன்று கைத்தொலைபேசி வைத்திருப்போர் அனைவரும் கமராவை வைத்திருப்போரே. ஒரு காலத்தில் ஒரு படம் ஆல்பத்துக்குள் அடங்கியிருந்தது. இன்று சில நிமிடங்களில் உலகைச் சுற்றிவிடும். ஆகையால் பழைய பொறுப்பு பன்மடங்கு பெருகியிருக்கிறது. ஓர் ஐயர் கோயிலிலிருந்து வருகிறார், ஒரு கூலியாள் மூட்டை சுமக்கிறார், ஒரு தாய் பிள்ளைக்குச் சோறூட்டுகிறார் என்றால், ஒரு புன்னகையோ ஒரு தலையசைப்போ சம்மதம் கேட்கப் போதும். "வேண்டாம்" என்று கை அசைத்தால் கமராவைத் தாழ்த்திக்கொள்வதே மரியாதை. நோயுற்றவர், துயருற்றவர், வறுமையால் தெருவிற் கிடப்பவர் ஆகியோர் மறுத்துப் பேசும் வலிமை அற்றவர்கள்; அவர்கள்பால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். பிள்ளைகளின் படத்துக்குப் பெற்றோரின் இசைவைப் பெறல் வேண்டும். எடுத்த படத்தின் பிரதி ஒன்றை உரியவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால், மறுமுறை அவ்வீதி தானாகவே வரவேற்கும்.

மற்றொரு கடமை எளியது. ஆயினும் பெரும்பாலும் மறக்கப்படுவது. படத்தோடு நாளையும் இடத்தையும் குறித்து வைத்தல் வேண்டும். பெயர்ப்பலகைகள் மாறும், கடைகள் இடிக்கப்படும், உடையும் வண்டியும் மாறும். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு வரலாற்றாசிரியர் அந்தப் படத்தை எடுத்துப் பார்க்கும்போது, எந்த ஊர், எந்த ஆண்டு என்ற இரு சொற்களே அதனைச் சான்றாக்கும். அவை இல்லாத படம் அழகாயிருக்கலாம், சாட்சி சொல்லாது.

அரசாங்கச் சுவடிகள் சட்டங்களையும் கணக்குகளையும் காக்கும். பத்திரிகைகள் தலைவர்களையும் விபத்துகளையும் காக்கும். செவ்வாய்க்கிழமைக் காலையில் மீன்கூடையோடு துவிச்சக்கர வண்டியிற் சென்ற மனிதனைக் காப்பவர், ஊதியமின்றி வீதியில் நடக்கும் பொழுதுபோக்கு நிழற்படக்காரர் ஒருவரே. அந்த மனிதனின் முகத்தை அவனுடைய மதிப்புக்குக் குறைவு வராமல் எடுத்து, நாளும் ஊரும் எழுதி வைத்தாராயின், அவருடைய பொழுது வீணே போக்கப்பட்ட பொழுதன்று.